அறவாழி சாரின் குரல் தண்ணீரில் கலந்த வருஷம்

அந்த வருஷம் எங்கள் சர்க்கரை ஆலைக் குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் அறவாழி சாரின் குரல் வந்தது. முதலில் ஒரு கனைப்பு, பிறகு "சேஃப்டி வால்வு எதற்கு என்று கேட்டால் சார்" என்று ஓர் ஆரம்பம், அதற்கப்புறம்தான் தண்ணீர், அதுவும் பதிலின் நீளத்துக்குத் தக்கபடி ஒரு சமயம் குடம் நிறைய, ஒரு சமயம் அரைக்குடம். யாரும் பயந்து ஓடவில்லை, யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் அது சித்திரை மாதம், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது, எதைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் வந்தால் போதும் என்றிருந்தது எங்களுக்கு.

அறவாழி சார் எங்கள் ஆலையின் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். பார்த்துக்கொண்டவர் என்றுதான் சொல்ல முடியும், பொறுப்பாளர் என்று சொல்ல முடியாது, அவ்வளவு பெரிய பாய்லரை எரியவிட வேண்டுமானால் அதற்கென்று சர்க்கார் வைக்கும் பரீட்சையில் எழுத்திலும் தேறி வாய்மொழியிலும் தேறிய ஓர் இன்ஜினியர் இருந்தாக வேண்டும், அந்தச் சான்றிதழ் சபாபதி சாரிடம் இருந்தது. சபாபதி சார் நாற்காலியில் இருந்தார், அறவாழி சார் பாய்லரில் இருந்தார், வருஷா வருஷம் இப்படியே போயிற்று. அரவை தொடங்குவதற்கு முன்னால் இளஞ்சூடு ஏற்றுவார்கள், மேளம் வரும், எம்.டி வருவார், பூசணிக்காய் உடையும், அடுப்பு வாயில் முதல் தீயை வைக்கிற கை சான்றிதழ் உள்ளவர் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஆகவே கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு அறவாழி சார் பக்கத்தில் நிற்பார், சபாபதி சார் அந்தத் தட்டிலிருந்து பற்றவைத்துத் தீயை உள்ளே தள்ளுவார். தட்டைப் பிடித்துப் பிடித்து அறவாழி சாரின் உள்ளங்கையில் வட்டமாக ஒரு கருப்பு விழுந்திருந்தது. ஒரே ஒரு தடவை என் கையால் வைக்கணும் என்பதற்கு மேல் அவர் வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதாக யாருக்கும் தெரியாது.

சபாபதி சார் ரிட்டயர் ஆனார். அடுத்த இளஞ்சூட்டுக்குள் அறவாழி தேறினால் அவர், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஓர் ஆள் என்று எம்.டி சொல்லிவிட்டார். எழுத்துத் தேர்வில் அறவாழி சார் எப்போதுமே தேறிவிடுவார், அது பிரச்சினையில்லை. வாய்மொழிதான். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து "சொல்லுங்க" என்றதும் இவருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், தெரிந்த பதில் எல்லாம் நெற்றியில் வியர்வையாக வந்து நிற்கும், "போய்ட்டு வாங்க, அடுத்த தடவை பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பியது ஒரு தடவையல்ல. கடைசித் தடவை அப்படித் திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு முடிவெடுத்துக்கொண்டு வந்தார். படிக்கிறதில்லை விஷயம், பேசிப் பழகணும். எந்தக் கேள்விக்கும் வாய் தானாகத் திறந்துகொள்கிற அளவுக்குப் பேசிப் பழகணும்.

அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி பொற்கொடி அக்காவும் இரண்டு பேர்தான். அக்காவுக்கு அவர் பேசிக் கேட்பதென்றால் உயிர், ஆனால் அந்த மாசி மாதத்திலிருந்து அவர் பேசியதெல்லாம் பாய்லர்தான். சாம்பாருக்கு முருங்கையா கத்திரியா என்று கேட்டால் ஒரு கையை உயர்த்துவார், அந்தக் கருப்பு வட்டம் தெரிகிற மாதிரி உள்ளங்கையை விரித்து, கொஞ்சம் பொறு, இது முடியட்டும் என்பது அதற்கு அர்த்தம். ஊரில் அக்காவின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டுமென்றால் உள்ளங்கை. அக்காவுக்குக் காய்ச்சல் அடித்து மூன்று வேளையும் கஞ்சி குடித்தபோதும், கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான், அது உண்மை, ஆனால் கிண்ணத்தை ஒரு கையால் நீட்டிக்கொண்டே மறுகையின் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு "ஃபீட் வாட்டரில் ஆக்ஸிஜன் இருந்தால் டியூப் அரிக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் கூச்சமாக இருந்திருக்கிறது அவருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று அவரைப் போலவே பேசிக் காட்டும், "சார், சார்" என்று வார்த்தைக்கு வார்த்தை போடும், அந்தப் பிள்ளைகளில் யார் நன்றாகப் பேசிக் காட்டினாள் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர்களே சொல்லுவார்கள். ஆகவே அவர் பாய்லருக்குள்ளேயே போய்விட்டார். அரவை இல்லாத மாதங்களில் பாய்லரைத் திறந்து போட்டுச் சுத்தம் செய்வார்கள், உச்சியில் இருக்கிற ஸ்டீம் டிரம் ஆள் படுத்துக்கொள்ளும் அகலத்துக்கு நீண்ட இரும்பு உருளை, அதன் வட்டத் துவாரத்தில் தோளைக் குறுக்கி நுழைந்துவிட்டால் உள்ளே அப்படி ஒரு அமைதி, சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் இரும்பில் பட்டு இன்னும் கனமாகத் திரும்பி வரும். பாய்லர்க்காரர்கள் பகலில் தூங்குவதற்கு அதற்குள் போவதுண்டு. பேசுவதற்குப் போனவர் இவர் ஒருவர்தான். வேலை முடிந்ததும் ஒரு சாக்குத் துணியை விரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கேள்வியும் அவரே, பதிலும் அவரே, சபையும் அவரே என்று பேசினார், இரும்பு அத்தனையையும் கேட்டு வைத்துக்கொண்டது.

பிறகு ஹைட்ராலிக் டெஸ்ட் வந்தது. சுத்தம் முடிந்த பாய்லரைக் கழுத்து வரைக்கும் பச்சைத்தண்ணீரால் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். மூடியைப் போட்டு முடுக்கித் தண்ணீரைத் திறந்தார்கள். டிரம்மில் தண்ணீர் ஏற ஏற அறவாழி சாரின் தொண்டை இறங்கிக்கொண்டே போனது, பாதி நிரம்பும்போது கரகரப்பு, முக்கால் நிரம்பும்போது கிசுகிசுப்பு, இன்ஸ்பெக்டர் "பிரஷர் எவ்வளவுங்க?" என்று கேட்டபோது அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, உள்ளங்கையை மட்டும் காட்டினார். கசிவு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

டெஸ்ட் தண்ணீரை எப்போதும் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அந்த வருஷம் வறட்சி. பம்ப் ஆபரேட்டர் துரைக்கண்ணு மாமாவுக்கு, கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரை மண்ணில் விட மனசு வரவில்லை. "மருந்து ஒண்ணும் கலக்காத தண்ணிதானே, குடிக்கிற தண்ணியவிட நல்லா இருக்குது" என்று சொல்லி, ஒரு குழாயை மாட்டி, மொத்தத்தையும் குவார்ட்டர்ஸ் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிவிட்டார். அன்றைக்கு எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். எங்கள் ஆலையில் ஒரு சொட்டு நீராவி வீணானாலும் திட்டு விழும், சக்கையைக்கூட எரித்துவிடுவோம், சாம்பலைக்கூட விற்றுவிடுவோம், அப்படிப்பட்டவர்கள் செய்கிற தப்பு அது, வேறு எந்த ஊரிலும் அந்தக் குரல் பத்திரமாக வாய்க்காலோடு போயிருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து குழாய்கள் பேசின. டைம் ஆபீஸ் சம்மனசு அக்கா வீட்டில் ஃபீட் வாட்டர், கேன்டீனில் சேஃப்டி வால்வு, எங்கள் வீட்டில் புகைபோக்கி இழுவை. எந்த வீட்டில் எந்தப் பாடம் என்று ஒரு வாரத்தில் பழகிவிட்டது, பழகியதும் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். எங்களுக்கு மட்டும் கணக்கு வருது, பக்கத்து வீட்டுக்கு நல்லா கதை மாதிரி விபத்துக் கேள்வி வருது என்று சண்டை வந்தது. கேன்டீன் இட்லி சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டால் "அதிகபட்ச அழுத்தம்" என்று வந்தது. யாரோ மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிட்டார்கள், அது சாயங்காலம் மொக்கு அவிழும்போது ஒவ்வொரு மொக்காக "சார்" "சார்" "சார்" என்றது. பிள்ளைகள் குளித்துவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் பாய்லர் விதிகளை ஒப்பித்தார்கள், வாத்தியார் உட்காரச் சொன்னார். நான் எல்லாக் குழாயையும் கேட்டு அத்தனை பதிலையும் அவர் குரலிலேயே பேசக் கற்றுக்கொண்டேன், காட்டச் சொல்லிக் காட்டச் சொல்லி முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், அறவாழி சாரே ஒருநாள் நின்று கேட்டார், தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அவருக்கு எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். கற்பூரவல்லி, அதிமதுரம், உப்புத்தண்ணீர், மௌனவிரதம். மௌனவிரதம் சொன்னது எங்கள் அப்பா, எடைமேடையில் வேலை, சொன்னதற்கப்புறம்தான் யோசித்தார்.

வைகாசியில் ஒருநாள் சம்மனசு அக்கா வீட்டில் ஏதோ மோட்டார் ஓடவில்லை என்று அறவாழி சார் போய்ப் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதுதானே, கொடுத்தாள். குடித்தார். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் உப்பா இருக்கு சம்மனசு" என்றார். சொன்ன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, அவர் பேசிவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த முதல் பேச்சு தண்ணீரின் உப்பைப் பற்றிப் போய்விட்டது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு இன்னொரு டம்ளர் கொடுத்தாள், அதைக் குடித்த கையோடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அவர் தன் வீட்டைப் பார்த்து ஓடினார். பொற்கொடி அக்காவிடம் என்ன சொல்ல ஓடினாரோ தெரியாது. வழியில் எங்கள் அப்பா சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், தொண்டை தேவலாமா?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போகிற ஆள் இல்லை அறவாழி சார். "தேவலாம்ப்பா, நீங்க எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாம் சௌக்கியமா" என்றார். அவ்வளவுதான். வீட்டு வாசலில் போய் நின்று, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார், பொற்கொடி அக்கா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். தண்ணீர் போகப் போகக் குரலும் போய்க்கொண்டிருக்கிறது, ஆனியில் வாய்மொழித் தேர்வு, அதற்குள் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டும். துரைக்கண்ணு மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, என்னாலதான், என்னாலதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து தொட்டித் தண்ணீரில் யாரும் துணி துவைப்பதில்லை, குளிப்பதில்லை, செடிக்கு விடுவதில்லை என்று பேசி முடித்தார்கள். ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தலையில் சுமந்து வந்து சமைத்தோம், அவரவர் வீட்டுப் பேசும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, நிழலில் வைத்தோம். எங்கள் அம்மாவுக்கு அவர் ஒன்றும் சொந்தமில்லை, சாதி வேறு, ஊர் வேறு, ஆனாலும் நாக்கு வறண்டு நான் ஒருநாள் மூடியைத் திறந்தபோது கையில் கரண்டியால் ஒன்று போட்டாள். "நம்ம வீட்டு வாயில அவரு பேச்ச ஊத்திக்கிட்டா, அவரு அங்க போய் எத பேசுவாரு?"

பொற்கொடி அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவ்வளவு பாட்டில் சேர்ந்திருக்கிறதே, அதில் ஒரே ஒரு டம்ளர் குடித்துவிட்டு என்னோடு உட்கார்ந்து பேசேன், என்ன வேணாலும் பேசு, வெண்டைக்காய் என்ன விலைன்னு பேசு. அவர் பாட்டில்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பரீட்சை முடியட்டும். அதில் கோபமோ அலட்சியமோ இருந்ததாக அவள் எப்போதும் சொன்னதில்லை. கெஞ்சின மாதிரிதான் இருந்தது என்பாள்.

அவளும் ஒன்றை மறைத்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டு அடுப்படிக் குழாயில் வந்தது பாடம் இல்லை. டிரம்முக்குள் தனியாக உட்கார்ந்து பேசிப் பேசி அலுத்த ஏதோ ஒரு மத்தியானம், பாடத்தை நிறுத்திவிட்டு, இரும்பு எப்படித் திருப்பிச் சொல்லுகிறது பார்ப்போம் என்று அவர் அவளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அந்தத் தண்ணீர் எப்படியோ தன் வீடு தெரிந்து அவள் குழாயில் வந்து இறங்கிவிட்டது. "கொடீ" என்று. வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை, எங்களுக்கு அவள் அக்கா, ஆலைக்கு அவள் சார் வீட்டம்மா, அவள் அம்மாவுக்கே அவள் பொற்கொடிதான். அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து வைத்துக்கொண்டு, மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டு, காப்பி ஆற்றுகிற மாதிரி ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஊற்றுவாள், கொடீ, திருப்பி ஊற்றுவாள், கொடீ. குடிக்காதவரைக்கும் அது குறையவில்லை.

தேர்வுக்குப் புறப்படுகிற அன்று குவார்ட்டர்ஸே பஸ்ஸடிக்கு வந்தது. துரைக்கண்ணு மாமா பாட்டில் பையை நான்தான் சுமப்பேன் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டார். வறட்சியில் எவ்வளவோ வீணாகிப்போய் மிச்சமிருந்தது அந்தப் பை அளவுதான், போதுமா போதாதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் பொற்கொடி அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், கழுத்தில் அவள் தாவணிக் காலத்துச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பையில் போடவில்லை, ஜன்னல் வழியாக அவர் கையிலேயே கொடுத்தாள். "இது நம்ம வீட்டுத் தண்ணி. பத்தலன்னா மட்டும் தொடு. பத்துச்சுன்னா அப்படியே கொண்டாந்துடு." அவர் பாட்டிலை லேசாகச் சாய்த்தார். உள்ளே தண்ணீர் புரண்டபோது அவருக்கு அது என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டது. இறங்கப் போகிறவர் மாதிரி எழுந்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

அங்கே நடந்ததைக் கதவு இடுக்கில் கண்ணையும் காதையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்ட துரைக்கண்ணு மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மூன்று பேர். ஒருவர் கேட்பார், ஒருவர் குறுக்கே கேட்பார், ஒருவர் கேட்காமலே முறைப்பார். அறவாழி சார் மேஜைமேல் பாட்டில்களை வரிசையாக வைத்தார், வெயில் காலம்தானே. கேள்வி வந்தது, ஒரு மடக்கு குடித்தார், பேசினார். நாக்கு ஒட்டவில்லை. சேஃப்டி வால்வைப் பற்றிப் பேசினபோது கேன்டீன் சாம்பார் வாசனை கொஞ்சம் வந்ததாம். குறுக்கே கேட்கிறவர் குறுக்கே கேட்டார், அதற்கும் ஒரு மடக்கு. முறைக்கிறவர் முறைப்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தார். கேள்விகள் நீண்டுகொண்டே போயின, நன்றாகப் பதில் சொல்லுகிறவனை லேசில் விடமாட்டார்கள், ருசி கண்டுவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலாகக் காலியானது. எங்கள் வீட்டுப் புகைபோக்கியும் தீர்ந்தது, சம்மனசு அக்காவின் ஃபீட் வாட்டரும் தீர்ந்தது.

அப்போது முறைக்கிறவர் கடைசிக் கேள்வி என்று சொல்லிக் கேட்டார். "பாய்லர் முழு வேகத்துல எரியுது. நீங்க கேஜ் கிளாஸைப் பாக்கறீங்க, கண்ணாடியில தண்ணி மட்டமே காணோம். எவ்வளவு நேரமா காணோம்னு தெரியல. உள்ள டியூப் எல்லாம் பழுக்கக் காய்ஞ்சிருக்கலாம். ஃபீட் பம்ப் சுவிட்ச் உங்க கைகிட்ட இருக்கு. என்ன செய்வீங்க?"

இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள். தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடுவதுதானே என்று கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், பழுத்த இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் அத்தனையும் வெடிக்கும். அறவாழி சாருக்குப் பதில் தெரியும், ஆலையில் ஒருமுறை அப்படியே நடந்து, சுவிட்சுக்குப் போன ஒருவனின் கையைப் பிடித்து இழுத்தவர் அவர். சொல்லக் குரல் இல்லை. மேஜையில் இருந்தது சிவப்பு ரிப்பன் கட்டிய பாட்டில் ஒன்றுதான்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றார் ஒருவர். உள்ளே அவ்வளவு நேரம் சத்தமே இல்லாததால், முடிந்தது கதை என்று துரைக்கண்ணு மாமா பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு ரிப்பன் அவிழ்கிற சத்தம் கேட்டதாம். மாமா எது சொன்னாலும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவர்தான், ஆனால் இதை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்லுகிறார்.

அதுவரைக்கும் வந்த குரல் பாடம் ஒப்பிக்கிற குரல். இப்போது வந்தது வேறு. அடுப்படியில் இருக்கிற ஒருத்தியை வாசலில் இருந்து கூப்பிடுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், அவள் வருவாள் என்று தெரிந்து கூப்பிடுகிற மாதிரி. "தண்ணி விட மாட்டேங்க. தீயை வெளிய எடுப்பேன். காத்த நிறுத்துவேன். ஆளுங்கள எல்லாம் தள்ளிப் போகச் சொல்வேன். அப்புறம் தானா ஆறட்டும்னு காத்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படாம காத்திருப்பேன்." முறைக்கிறவர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமா இதே கேள்வியக் கேக்கறேன், பதில கேட்டு எங்க வீட்டு ஞாபகம் வந்தது இன்னைக்குத்தான் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். பாஸ்.

திரும்பி வந்தபோது பஸ்ஸடியில் மேளம், பட்டாசு, எம்.டி அனுப்பிய மாலை. அறவாழி சார் மாலையோடு வீட்டுக்குப் போய், சான்றிதழை எடுக்கவில்லை, முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து அக்காவிடம் நீட்டினார். ரிப்பனை ஒழுங்காக மடித்து உள்ளே போட்டிருந்தார். அவள் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், காதில் வைத்துப் பார்த்தாள். கோபப்படவில்லை. "எந்தக் கேள்விக்கு?" என்று கேட்டாள். அவர் காற்றில் ஒரு கண்ணாடிக் குழாயை வரைந்தார், அதில் மட்டம் இல்லை என்று காட்டினார், ஒரு சுவிட்சைக் காட்டினார், அதிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். குழாயடியில் எல்லாப் பாடத்தையும் கேட்டவள்தானே, புரிந்துகொண்டாள். "நல்ல கேள்விக்குத்தான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைக் கழுவாமல் அலமாரியில் வைத்தாள்.

அந்த வருஷ இளஞ்சூட்டில் முதல் தீயை அவர் வைத்தார். கற்பூரத் தட்டைப் பிடிக்க ஆள் யார் என்று ஒரு நிமிஷம் எல்லாரும் முழித்தார்கள், அவர் பொற்கொடி அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தட்டைக் கொடுத்தார், பெண்கள் தட்டுப் பிடிக்கிற வழக்கமில்லை, ஆனாலும் மேளம் நிற்கவில்லை. தீ பிடித்தது, சக்கை படபடத்தது, புகை நேராக ஏறியது. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார் புதிதாக வந்த அதிகாரி, விஷயம் தெரியாது அவருக்கு. அறவாழி சார் மைக்கை வாங்கி அதன்முன் நின்றார். கூட்டம் முழுக்கக் கேட்டது பாய்லர் சத்தம்தான். தொட்டி அதற்குள் மழைத்தண்ணீரில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, குழாய்கள் சும்மா தண்ணீரைக் கொட்டின, சம்மனசு அக்கா மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு நிமிஷம் திறந்துவிட்டுக் காத்திருந்துதான் குடத்தை வைப்பாள். மல்லிகைகூட நிறுத்திவிட்டது.

தை மாதம் ஒரு மத்தியானம் பொற்கொடி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "ஏ ரேடியோ, எல்லார் மாதிரியும் பேசுவியாமே. அவரு மாதிரி பேசு." எனக்குக் கேட்கவா வேண்டும், தொண்டையைக் கனைத்து, "சேஃப்டி வால்வு எதற்கு என்று கேட்டால் சார்" என்று எடுத்தேன், ஒரு மாத்திரை பிசகாமல் அப்படியே அவர். ஷிஃப்ட் முடிந்து வந்து வாசல் திண்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அறவாழி சார் நிமிர்ந்து பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள். "அது வேணாம். அது ஊருக்கே தெரியும். என்னைக் கூப்பிடு."

எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். அப்போதுதான் சொம்பைப் பற்றிச் சொன்னாள், எப்படிக் கூப்பிடுவார் என்றும் சொன்னாள். நான் கூப்பிட்டேன். இல்ல, இழுக்காத என்றாள். மறுபடி கூப்பிட்டேன். இப்ப வெடுக்குன்னு இருக்கு. மறுபடி. இப்ப பாசமா கூப்புடுற மாதிரி நடிக்கிற, அவரு நடிக்க மாட்டாரு, சாதாரணமாத்தான் கூப்புடுவாரு, உப்பு எங்கன்னு கேக்கறதுக்குத்தான் கூப்புடுவாரு. குவார்ட்டர்ஸில் நான் பேசாத குரல் கிடையாது, எம்.டி குரலில் சைரன் அடிக்கிறவரை ஏமாற்றியிருக்கிறேன், செத்துப்போன வாட்ச்மேன் குரலில் அவர் நாயை வரவழைத்திருக்கிறேன், அந்த இரண்டெழுத்து மட்டும் வரவில்லை. அவர் குரலில் பரீட்சையைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதேயில்லை. கொடி, கொடீ, கொடியே என்று வாய் நோகக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையை ஆட்டினாள். திண்டில் கடலை உரிக்கிற சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது, பார்த்தால் அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அப்படியில்லை, அப்படியில்லை என்று.

கடைசியில் அவர் தாங்கமாட்டாமல் எழுந்தார். மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்று, எனக்குச் சொல்லித் தருகிற மாதிரி, உள்ளங்கையை விரித்து உயர்த்தினார், கருப்பு வட்டம் அப்படியே இருந்தது. கொஞ்சம் பொறு. பிறகு வாயைத் திறந்தார்.

நானும் அக்காவும் காத்திருந்தோம்.